மாமாவின் வள்ளம் ஓட மறுத்த காலை

எஞ்சினுக்குக் காது கேட்கும் என்று ஒன்பது வயதுவரை நம்பியவன் நான். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்த சின்ன மாமா விடுமுறைக்கு வரும்போது ஒரு குட்டி வள்ளம் கொண்டுவந்தார். வயரும் இல்லை, கயிறும் இல்லை. அவர் கரையில் நின்று கையிலிருக்கும் பெட்டியைத் திருகினால் வள்ளம் கடலில் திரும்புமாம். காது இல்லாதது எப்படித் திரும்பும்? வகுப்பில் இதை விளக்கி இரண்டு பேரை நம்பவும் வைத்தேன். ஆகவே நான் வெறும் மடையன் அல்லன், மடையர்களுக்குத் தலைவன்.

ரெலிவிஷன் என்ற சாமானை எங்கள் ஊர் இன்னும் கண்டிராத காலம். வள்ளம் என் கை நீளம் இருந்தது. நல்ல சிவப்பு. நடுவில் கோழிமுட்டை அளவில் ஓர் எஞ்சின், பொம்மை அல்ல, உண்மையான எஞ்சின். அது குடிக்கும் எண்ணெய்கூடத் தகரத்தில் தனியாக வந்திருந்தது. ஏதோ ஸ்பிரிட்டும் நைற்றோவும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த கலவை என்றார் மாமா. பள்ளிக்கூட விடுமுறைதோறும் அம்மா எனக்குப் பேதிக்குக் கொடுப்பதும் ஆமணக்கெண்ணெய்தான். தகரத்தைத் திறந்தாலே என் வயிறு தானாகக் கலங்கும். பயமும் பக்தியும் எனக்கு ஒரே இடத்தில் பிறந்தது அப்படித்தான்.

அந்த நாட்களில் மாமாவுக்குக் கிளிவெட்டியில் பெண் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் படம் மாமாவின் சட்டைப் பையைவிட்டு வெளியே வருவதேயில்லை, அவர் எடுத்துப் பார்க்கும் நேரம் தவிர. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் பெண்ணின் தகப்பனிடம் கதை கொண்டுபோய்விட்டான். மாப்பிள்ளை எஞ்சின் அறையில் வேலை செய்யவில்லையாம், கப்பல் குசினியில் வெங்காயம் உரிக்கிறாராம். தகப்பன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஆள் அனுப்பினார்.

ஞாயிறு காலை, மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லாஞ்சில் அவர் வருகிறார். மாமா திட்டம் போட்டார். லாஞ் கரையை நெருங்கும்போது சிவப்பு வள்ளம் உறுமிக்கொண்டு போய் அதைச் சுற்றி வரவேண்டும். “வெங்காயம் உரிக்கிறவனுக்கு இது ஏலுமோ எண்டு அவரே பாக்கட்டும்” என்றார். அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள்.

வள்ளத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடிப்பது என் வேலை. எஞ்சினின் தலையில் உள்ள பிளக்கை ரோர்ச் பற்றரி வயரால் தொட்டால் உள்ளே மெல்லிய கம்பி சிவக்கும். பிறகு பக்கத்துச் சில்லில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை. முந்தின நாள் வீட்டு முற்றத்தில் இரண்டாம் இழுவையிலேயே பிடித்த எஞ்சின், அன்று கரையில் இழுக்க இழுக்க ஊமையாகக் கிடந்தது. மீன்காரர் எஞ்சினுக்குப் பெற்றோல் பருக்குவதைப் பார்த்து வளர்ந்த பழக்கம், மாமா ஒவ்வொரு இழுவைக்கும் அதன் வாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டார். விட்டதெல்லாம் குடித்தது. சத்தம் மட்டும் இல்லை.

லாஞ் வந்து கட்டியும் விட்டது. வெள்ளை வேட்டி, கறுப்புக் குடையோடு பெண்ணின் தகப்பன் இறங்கினார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாமா, “வாங்கோ ஐயா” என்றார்.

“ம். உங்கடை வேலையைப் பாருங்கோ” என்று அவர் பக்கத்திலேயே குடையை விரித்து நின்றுகொண்டார்.

வலை காயப்போட்ட ஆட்களும் கூடிவிட்டார்கள். “தம்பி, வெங்காயக் கத்தியாலை ஒருக்காக் குத்திப் பாரும்!” என்றது ஒரு குரல். கரையெல்லாம் சிரிப்பு. மாமாவின் காது வள்ளத்தின் நிறத்துக்கு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து எஞ்சினுக்குக் கிட்ட வாயை வைத்து, “மாமான்ரை கலியாணம், கொஞ்சம் ஓடன்” என்று கெஞ்சினேன்.

“பொடியன் மந்திரிக்கிறான்ரா!” என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

மாமாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அவருடைய பதற்றமும் கழன்று போயிருக்க வேண்டும். “எஞ்சின் குடிச்சது கூடிப்போச்சு மருமோன்” என்று ஆறுதலாகப் பிளக்கைக் கழற்றினார். வள்ளத்தைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்தார். உள்ளே தேங்கிய எண்ணெய் பீச்சியடித்தது. அடித்த இடம் அந்த வெள்ளை வேட்டி. வேட்டிக்காரர் கறையைப் பார்த்தார், குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“குறை நினைக்காதேங்கோ ஐயா” என்று சொல்லிவிட்டு மாமா பிளக்கைத் துடைத்துப் பூட்டினார். பற்றரி. கயிறு. இழுவை.

எஞ்சின் கத்தியது. அதை எப்படிச் சொல்வேன்! கோழிமுட்டைக்குள் ஒரு கப்பல் இருந்தது. என் உள்ளங்கை, தோள், பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. நீலப் புகை மூக்கில் ஏறியது, வயிறு கலங்கவில்லை. இறங்குதுறைக் காகங்கள் அத்தனையும் எழும்பின. துள்ளிய வள்ளத்தில் என் பிடி வழுக்க, விரல், சுழலும் சில்லுப் பக்கம் போனது. மாமா ஒரே பறியில் என் கையைப் பறித்தார். தண்ணீர் படாமல் ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும், உடனே கடலில் விடவேண்டும் என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவர், அது அலற அலற ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பிறகுதான் அதைத் தண்ணீரில் விட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தார்.

வள்ளம் பறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரை வெள்ளைச் செட்டைபோல விரித்துக்கொண்டு போய், யாரும் தொடாமல், யாரும் கூப்பிடாமல், லாஞ்சைச் சுற்றித் திரும்பியது. சற்று முன் கத்தியைப் பற்றிக் கதைத்த ஆள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். எனக்குக் கண்ணீர் வந்தது, ஏனென்று தெரியாது.

கிளிவெட்டிக்காரர் மட்டும் கடலையே பார்க்கவில்லை. குடையை மடக்கிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் பெட்டியோடு நின்ற மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வெயிலுக்குக் கண் கூசி மனிசனுக்குத் திசை தெரியவில்லையாக்கும் என்று இரக்கப்பட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயா, வள்ளம் அங்காலை! அங்கை பாருங்கோ!”

“நான் வள்ளம் பாக்க வரேல்லை.”