சித்தியின் கண்ணில் மிதந்த குமிழி

என் சித்தியின் வேலை பார்ப்பது. வேறு ஒன்றும் இல்லை, பார்ப்பதுதான். ஒரகடத்தில் செல்போன் கண்ணாடி செய்யும் ஒரு கம்பெனியில், வெள்ளை விளக்குக்கும் பெரிய லென்ஸுக்கும் கீழே வரிசையாக வரும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சாய்த்து, திருப்பி, கீறலோ பொட்டோ இருக்கிறதா என்று பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் ரிஜெக்டை இன்னொரு பக்கமும் வைக்க வேண்டும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. கண் மட்டும் வெளியே தெரியும். "அங்க யாருக்கும் மூஞ்சே கெடையாது. எல்லாரும் ரெண்டு ரெண்டு கண்ணுதான் நடந்துகினு கீது" என்பாள்.

அம்மாவுக்குத் தங்கை அவள். கல்யாணம் ஆகாததால் வடக்குப்பட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டவள். அதைப் போட்டுக்கொண்டால் அவளுக்குத் தெரியாதது இந்த உலகத்தில் கிடையாது. வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். சாப்பிட உட்கார்ந்தால் எவர்சில்வர் தட்டை டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். "சாப்புடத்தாண்டி தட்டு. பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்காத" என்று அம்மா சாம்பாரை ஊற்றிவிடுவாள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றி, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் பல்லை எல்லாம் சாய்த்துப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில், சித்தியின் லைனில் திடீரென்று ரிஜெக்ட் கூடிப்போனது. கண்ணாடிக்குக் கண்ணாடி கருப்புப் பொட்டு. சூப்பர்வைசர் பதறிப்போனார். காற்றிலே தூசு என்றார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். மேசையைத் துடைத்தார்கள், விளக்கைத் துடைத்தார்கள், லென்ஸைத் துடைத்து மாற்றினார்கள், கடைசியில் துடைக்கிற துணியையே மாற்றினார்கள். ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்கள் தூசு தேடினார்கள். சித்தி வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டுவாள், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

கூடவே இன்னொன்றும் சொன்னாள். விளக்கை அணைத்துப் படுத்தால் கண்ணோரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். அம்மாவிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. "ஒடம்பு சூடுடி. ஏசிலயே வேல செய்றல்ல, சூடெல்லாம் மண்டைல ஏறிக்கிச்சு." எங்கள் பக்கத்தில் முகப்பரு முதல் மூலம் வரை எல்லாவற்றுக்கும் சூடுதான். சித்தியின் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். ஊறவைத்த வெந்தயத்தைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் சித்திக்கு மட்டும் குழம்பு கிடையாது, மோர்தான். பாவம், அவளும் மின்னலை விட்டுவிட்டுக் கோழியைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

அடுத்த வார லீவு நாளில், சித்தி வழக்கம் போலத் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டைக் கையில் வட்டமாகச் சுற்றினாள். திரும்பவும் சுற்றினாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். சுவரிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து வானத்துக்கு.

"தட்ட திருப்பினா பொட்டு திரும்பல. நான் திரும்பினா திரும்புது" என்றாள், யாரிடமும் என்றில்லாமல்.

அவர்கள் வேலையில் அது ஒரு பாடமாம். குறை பொருளோடு சேர்ந்து திரும்பினால் குறை பொருளில் இருக்கிறது. பொருள் திரும்பியும் குறை திரும்பாவிட்டால், பார்க்கிற லென்ஸில் இருக்கிறது. கம்பெனியில் லென்ஸைத் துடைத்தார்கள், மாற்றினார்கள். அந்த லென்ஸுக்கும் பின்னால் இன்னொரு லென்ஸ் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை, அதை வைத்திருந்தவளுக்கும்கூட.

சித்தி கண்ணாடியைக் கழற்றாமல் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "இன்னா பண்ற சித்தி?" என்றேன். "ஒரு வெளயாட்டு. நீ என் முன்னாடி குந்திக்கோ. கைய கீழருந்து மெதுவா மேல தூக்கு. தெரியும்போது சொல்றேன்."

எனக்குக் குஷி. கையை அவள் மடியிலிருந்து மெல்ல மெல்லத் தூக்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாடை வரைக்கும் வந்துவிட்டது. அவள் நேராக என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தெர்லயா?" "இல்லடி, தூக்கு தூக்கு." சித்தி நன்றாக ஏமாற்றுகிறாள் என்று நினைத்து, அவள் மூக்கைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன்.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. நான் ஜெயித்துவிட்டேன் என்று கைதட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். ஓடிவந்து பார்த்தால், சித்தி அதே இடத்தில், அதே கண்ணை மூடியபடி, தன் கையைத் தானே கீழேயிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கும் தங்கைக்கும் பெரிய பேச்சு. சித்திக்கு வேலை நிரந்தரமாகும் நேரம் அது. கண்ணால் பார்ப்பதையே வேலையாக வைத்திருப்பவள் கண் சரியில்லை என்று லீவு போட்டால் யார் நிரந்தரம் பண்ணுவார்கள்?

"ஆர்டர் கைக்கு வரட்டும்டி. அப்புறம் எந்த டாக்டர வேணா பாரு. ஒரு பக்கம் கொஞ்சம் மறைச்சா இன்னா, இன்னொரு கண்ணு நல்லாத்தான கீது?"

"நாளைக்கே போணும்க்கா."

"அவசரக்குடுக்கையா கீறியே! எத்தினி வருசம் இதுக்காக நாய் மாதிரி ஒழச்ச?"

"குறன்னு தெரிஞ்சப்புறம் பீஸ தள்ளி வுடக்கூடாது. அத தெனமும் செஞ்சிகினு கீறேன், என் கண்ணுக்குச் செய்ய மாட்டனா?" என்றாள் சித்தி. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதற்கு மேல் அங்கே பாத்திரம் மட்டும் பேசியது.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் சித்தியின் கண்ணில் ஒரு அதிசயம் நடந்தது. கருப்பைச் சுற்றியிருந்த பழுப்பு வளையம் ஒடுங்கி ஒடுங்கி நூல் மாதிரி ஆகிவிட்டது. நடுவிலே கண்பாப்பா இவ்வளவு பெரிசாக விரிந்து நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதற்குள் இரட்டைச் சடையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சித்தி கண்ணுல கருப்பு பெருசாயிடுச்சு" என்று டாக்டரம்மாவிடம் புகார் செய்தேன். அவர் சிரித்தார். "அது கருப்புப் பொட்டு இல்லம்மா, ஓட்டை. கதவு மாதிரி. உள்ளே இருட்டா இருக்கறதால கருப்பா தெரியுது."

இவ்வளவு நாள் நான் கண்ணில் பார்த்துவந்த கருப்பு என்பது ஒரு பொருளே இல்லையா? வெறும் வாசலா? அந்த மிளகு அளவு வாசல் வழியாகவா எங்கள் ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரியும், தண்ணீர் டேங்கும், அம்மாவும் உள்ளே போகிறார்கள்? அதுவும் இடித்துக்கொள்ளாமல்?

டாக்டரம்மா விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே எட்டிப்பார்த்தார். பிறகு அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். கண்ணுக்குள்ளே பின்சுவரில், வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு திரை ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் அதில்தான் விழும். தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண் உருண்டை கொஞ்சம் நீளம், அதனால் திரை இழுபட்டு இன்னும் மெல்லிசாகிவிடும். சித்திக்கு அதில் ஒரு கிழிசல். கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து, சுவரொட்டி மழையில் நனைந்து உரிகிற மாதிரி, திரை மேலேயிருந்து உரிந்து வருகிறது. "நடுவுல ஒரு எடம் இருக்கு. எழுத்து படிக்கறது, ஊசி கோக்கறது, முகம் அடையாளம் கண்டுபிடிக்கறது எல்லாம் அந்த எடம்தான். அது இன்னும் உரியல. உரியறதுக்குள்ள ஆபரேஷன் செய்யணும். இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேந்துடுங்க."

"வெந்தயம் குடுத்தேன் டாக்டர்" என்றாள் அம்மா, அழுகிற குரலில். "நல்லதுதான். ஆனா அது வயித்துக்கு" என்றார் அவர்.

ஆபரேஷனில் கண்ணுக்குள்ளிருந்த கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசரால் தையல் போட்ட மாதிரி பொட்டு வைத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டார்களாம். திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிற விரல் அந்தக் குமிழிதான். குமிழி எப்போதும் மேலே போகும். திரை இருப்பதோ கண்ணின் பின்பக்கம். பின்பக்கம் மேலே வரவேண்டுமென்றால்? முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் சித்தி குப்புறவே கிடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா நாடா கட்டிலின் தலைமாட்டில் நாலைந்து நாடாவை அவிழ்த்து விலக்கி, முகம் மட்டும் இறங்குகிற மாதிரி சந்து விட்டாள். ஓரத்தில் பழைய புடவையைச் சுருட்டி மெத்தை வைத்தாள். சித்தி அதில் முகத்தைப் புதைத்துப் படுத்தாள். நான் பாயை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து மல்லாந்துகொண்டேன்.

அப்படித்தான் அந்த வாரம் போனது. மேலே அவள் முகம், கீழே என் முகம். நடுவில் ஒரு முழம் இருக்கும். ஸ்ட்ரா போட்டு மோர் கொடுப்பேன். செல்போனை நெஞ்சில் நிறுத்திக் காமெடி போட்டுக் காட்டுவேன். அவள் பேசுவாள், நான் பேசுவேன், பாதியில் தூங்கிவிடுவேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் முதுகிடம் நலம் விசாரித்தார்கள். பக்கத்து வீட்டம்மா முதுகுக்கே திருநீறு பூசிவிட்டுப் போனாள்.

லைனில் கூட வேலை செய்யும் அக்கா ஒருத்தி வந்தாள். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டுதான் பேசினாள். "தெரியுமா சேதி? நீ போனதுலருந்து ரிஜெக்டே இல்ல. புது ஃபில்டர் வேல செய்துன்னு சூப்பர்வைசர் எல்லாருக்கும் லட்டு குடுத்தாரு!" சித்தி சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. "ஆட்டாதடி, குமிழி ஒடஞ்சிடப் போவுது!" என்று அம்மா ஓடிவந்தாள்.

சாப்பிட மட்டும் கொஞ்ச நேரம் எழுந்து உட்காரலாம். அப்போது சித்தி தான் காண்பதைச் சொல்வாள். "கொத்தனார் ரசமட்டம் வெச்சிருப்பான் பாரு, அந்த மாதிரி ஒரு கோடு ஆடுது. நாள் ஆக ஆகக் கோடு கீழ எறங்குது. கோட்டுக்கு மேல தெளிவா தெரியுது. குமிழி அடியில கெடக்குது."

இது எனக்கு ஒப்பவில்லை. சோடா பாட்டிலில் குமிழி மேலே போகிறது. மீன் தொட்டியில் மேலே போகிறது. டாக்டரும் மேலே போகும் என்றுதான் சொன்னார். சித்தி கண்ணில் மட்டும் எப்படி அடியில் கிடக்கும்? மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதல் ஆளாக இதைத்தான் கேட்டேன்.

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "குமிழி மேலேதான் இருக்கு. ஆனா கண்ணுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் விழும். நீ, நான், மின்விசிறி, எல்லாம். மூளைதான் நிமிர்த்திக் காட்டுது. வெளியில இருக்கறத நிமிர்த்திப் பழகின மூளை, உள்ள இருக்கற குமிழியையும் விடாம திருப்பிப்போட்டுடுது."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் ரோடே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் வேர்க்கடலை தின்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணுக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சுவரில் தலைகீழாக நின்று, அரிசி டின்மேல் விழுந்து, முதுகில் அடியும் வாங்கினேன்.

இதற்கிடையே அம்மா ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பார்வை வந்ததும் தங்கையை மலைக்குக் கூட்டிவருவதாக. கோடு இறங்கிவிட்டது என்று கேட்டதுமே பை கட்டிவிட்டாள். நல்லவேளை, டாக்டரம்மாவிடம் வாய்விட்டாள். "ஐயோ, குமிழி இருக்கும்போது மலை ஏறவே கூடாது. உசரம் போனா குமிழி பெருக்கும், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடும், இருக்கற பார்வையும் போயிடும்" என்றார் அவர். அம்மா வீட்டுக்கு வந்ததும் கட்டிய பையை அவிழ்த்து மடித்தபடி, "அவரே எறங்கி வந்து பாத்துகினு போவட்டும்" என்றாள்.

குமிழி சிறுத்தது. தட்டளவு, டம்ளர் அளவு, கடலையளவு, பிறகு அடியில் ஒரு மணி. ஒருநாள் காலையில் சித்தி கட்டிலில் உட்கார்ந்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, என்னை எதிரே நிறுத்தினாள். நான் மூச்சுவிடாமல் நின்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"புருவத்துக்குள்ள ஒரு மச்சம் கீது உனக்கு" என்றாள் சித்தி. "இத்தன வருசத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அம்மா என் முகத்தைத் திருப்பித் தேடிப்பார்த்தாள். இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். சித்திக்கு நிரந்தர ஆர்டர் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நடுவில் பேக்கிங்கில் போட்டார்கள், பிறகு பழைய விளக்குக்கடியிலேயே திரும்பவும் உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. குமிழி எங்கே போனது? கண்ணீரோடு வந்திருக்கும் என்று தலையணையைத் தடவினேன். கட்டுப்போட்டிருந்த பஞ்சைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். சித்தியைக் கேட்டால் "தெர்லடி, போயிடுச்சு" என்றாள். அம்மாவைக் கேட்டால் சாமி எடுத்துக்கொண்டார் என்றாள்.

படிப்பைப் பன்னிரண்டோடு நிறுத்தியவள் நான். கேட்டுக் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொண்டேன். போன வருஷம் வேறொருவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த நர்ஸிடம் இதையும் கேட்டுவைத்தேன். அந்தப் பெண் மருந்து எடுத்துவைத்துக்கொண்டே, இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி சொன்னாள்: "காத்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கரையும்க்கா. ரத்தம் நுரையீரலுக்குக் கொண்டுபோகும். மூச்சுல வெளிய வந்துடும்."

முதல் நாளிலிருந்தே அது வெளியேறத் தொடங்கிவிட்டிருக்கும். அந்த வாரம் முழுக்க நான் கட்டிலுக்கடியில் வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்தேன். சித்தி பேசப் பேச, சிரிக்கச் சிரிக்க, தூக்கத்தில் பெருமூச்சு விட விட, சூடாக ஒரு காற்று என் நெற்றியிலும் இமையிலும் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மோர் வாடை அடிக்கிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.