காலையில் காணாமல் போகும் வலை

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. வாசல் கம்பத்தில் ஒரு கேமரா, அதற்கு ஒரு முழம் மேலே ஒரு விளக்கு. கேமராவின் படம் என் மேசைக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கும். போன ஆடியில், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், இரவுப் பதிவு மட்டும் வெள்ளையாகிப் போனது. பாலாடை படிந்தது போல ஒரு மூட்டம். காலையில் போய்ப் பார்த்தால் கேமராவின் கண்ணாடி சுத்தமாக இருக்கும்.

மேலாளருக்குச் சந்தேகமே இல்லை. இரவுக் காவலுக்கு இருக்கும் அண்ணாச்சி கேமராவைத் துணி போட்டு மூடிவிட்டுத் தூங்குகிறார், விடியும்போது எடுத்துவிடுகிறார்.

"இந்த மாசத்தோட வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் என்னிடம்.

அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். வேலை முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த மூட்டுவலியோட கம்பத்துல ஏறி, கேமராவுக்கு முக்காடு போட்டுட்டு வாரேனாக்கும்?"

"தூங்குதியளா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"தூங்குத மனுசன் துணியைத் தேடிக்கிட்டா தம்பி அலைவான்?"

கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனாலும் மத்தியானம் உட்கார்ந்து முந்தைய இரவின் பதிவை அந்தி முதல் ஓட்டிப் பார்த்தேன்.

கம்பத்தின் இரும்புப் பட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிலந்தி வந்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். கண்ணாடிக்கு அருகில் நின்றதால் திரையில் தேங்காயாகத் தெரிந்தது. பகலெல்லாம் அறைந்த காற்று தணிந்திருந்தது. மிச்சமிருந்த காற்றில் சிலந்தி வயிற்றைத் தூக்கி ஓர் இழையை விட்டது. இழை எனக்குத் தெரியவில்லை, காத்திருப்பது தெரிந்தது. பிறகு காலால் சுண்டிப் பார்த்தது. மேலே நீண்டிருந்த விளக்கின் கம்பியில் ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தில் நடந்து போனது.

நடுவிலிருந்து கீழே தொங்கி இறங்கி, அந்த இழையைக் கவட்டை போல இழுத்துக் கட்டியது. கவட்டை பிரியும் இடம்தான் வலையின் நடு. அங்கிருந்து சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி ஓர் இழை இந்தப் பக்கம், ஓர் இழை எதிர்ப் பக்கம். ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் வலை சாய்ந்துவிடும் போல. அப்புறம் உள்ளேயிருந்து வெளியே அகலமாக ஒரு சுருள். அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான், பசை கிடையாது. ஓரம் வந்ததும் திரும்பி, சாரத்தைத் தின்றுகொண்டே, நெருக்கமாகப் பசைச் சுருளை உள்நோக்கிக் கட்டியது. பசையில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

ஒரு விட்டில் வந்து மோதியது. சக்கரக் கம்பி போன்ற நேர் இழைகள் விறைத்து அடியை வாங்கிக்கொண்டன. பசை இழைகளோ நீண்டன, நீண்டுகொண்டே போய் விட்டிலைத் திருப்பி எறியாமல் வைத்துக்கொண்டன. எல்லா இழையும் ஒரே விறைப்பாக இருந்திருந்தால் அது பந்து போலத் துள்ளிப் போயிருக்கும்.

வானம் வெளுக்குமுன் சிலந்தி வலையைச் சுருட்டி முழுசாகத் தின்றுவிட்டு, பட்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் இழைக்கு அதுவே சரக்கு.

மேலாளரிடம் பதிவைக் காட்டினேன். அவர் விட்டில் மோதுவதை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

"அடப்பாவி, தடயத்தையே தின்னுருச்சே!" என்றார். பிறகு, "சரி, பெரியவர் இருக்கட்டும்."

வெளிச்சத்துக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குச் சிலந்தி வருகிறது. விளக்கை இடம் மாற்றினால் போதும் என்றேன். எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி வாசல் கூரையில், அண்ணாச்சியின் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டினார். சில நாளில் சிலந்தியும் கூரைக்குக் குடிபோய்விட்டது. இரவுப் பதிவு கண்ணாடி மாதிரி இருந்தது: கேட், சாலை, நாற்காலி, நாற்காலியில் அண்ணாச்சி.

அந்த வாரமே என் ஜன்னலுக்கு வந்தார்.

"வேலையைக் காப்பாத்திக் குடுத்திய, நல்லா இருப்பிய. லைட்டை எதுக்குத் தம்பி என் தலைக்கு மேல மாட்டச் சொன்னிய?"

"ஏன் அண்ணாச்சி?"

"கண்ணு கூசுதுல்லா."

மூட்டம் இருந்த இரவுகளில் நாற்காலியில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சைக்கிளில் ஒரு பெரிய பிளாஸ்க் தொங்கியது. உள்ளே நிறையக் கட்டன் சாயா, பால் சேர்க்காதது.