ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தவர்

முதலில் ஆண்டவருக்கு நன்றி. இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் முழுசாக அடங்கவில்லை. அதையும் அவர் அறிவார். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் மாடம்பாக்கத்தில் குடியிருக்கிறோம். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் சாம் பெருங்களத்தூர் தாண்டி ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இரும்பு உதிரிபாகங்களுக்குப் பெயிண்ட் அடித்து, பெரிய அடுப்புக்குள் விட்டுக் காய வைக்கிற பிரிவு அவருடையது. கல்யாணமான மறு வருடமே கரு உண்டானது. இரண்டாம் மாதத்தில் கலைந்தது. அடுத்த வருடம் இன்னொன்று போனது. மூன்றாவது போனது ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் வாசலுக்கு வாசல் நட்சத்திர விளக்கு. ஒவ்வொன்றையும் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. "குழந்தை பாக்கியத்துக்காகக் காத்திருக்கிற சகோதரிகள் முன்னால வாங்க" என்று பாஸ்டர் கூப்பிடுவார். பெண்கள் பக்கத்திலிருந்து நாங்கள் சிலர் எழுந்து போவோம். பாஸ்டரம்மா வயிற்றில் கை வைத்து ஜெபிப்பார். சபையின் கண்ணெல்லாம் எங்கள் வயிற்றின் மேல் இருக்கும். எங்கள் புருஷன்மார் ஆண்கள் பக்கத்தில், பைபிளை மடியில் வைத்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். "ஸ்கூட்டர்ல ஆடி ஆடிப் போனா எப்படிம்மா தங்கும்?" என்றார் மாமியார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் நசுங்கினேன். ஊசி எனக்கு, மாத்திரை எனக்கு, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்ததும் எனக்குத்தான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வந்தது.

கடைசியாகப் பார்த்த டாக்டர் மேடம் என்னை விட்டுவிட்டு சாமைப் பார்த்தார். "உங்க விந்தணுல டி.என்.ஏ. சேதம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுக்கணும் சார்."

"எனக்குத்தான் கவுண்ட் நார்மல்னு அப்பவே சொல்லிட்டாங்களே மேடம்."

"எண்ணிக்கை சரியா இருக்கலாம், ஓட்டமும் சரியா இருக்கலாம். உள்ள இருக்கற டி.என்.ஏ. உடைஞ்சிருந்தா, கரு உண்டானாலும் சிலருக்குத் தங்காது. சாதாரண டெஸ்ட்ல அது தெரியாது."

சாம் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "கரு உண்டாகுது இல்ல? அப்புறம் என்கிட்ட என்ன குறை? நான் எந்த டெஸ்ட்டுக்கும் வரல." நான் பறிகொடுத்த மூன்றையும் தன் ஆண்மைக்குச் சான்றாக நிறுத்திவிட்டார். அன்று அவரை வெறுத்தேன். இன்னொரு கருவைச் சுமந்து பறிகொடுக்க என்னால் முடியாது என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் முன்னால் போனேன். பாஸ்டரம்மா வயிற்றில் கை வைத்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அந்தக் கையைப் பிடித்து விலக்கினேன். "என் வயித்துக்கு ஜெபிச்சது போதும்மா. என் வீட்டுக்காரர் அங்க உக்காந்திருக்கார். அவருக்கு ஜெபிங்க, டெஸ்ட் எடுக்க மனசு வரணும்னு." பக்கத்திலிருந்த மைக்கில் அது முழுக்கக் கேட்டது.

வீட்டில் மாமியார் ஆடித் தீர்த்தார். "சபை நடுவுல என் புள்ள மானத்த வாங்கிட்டியே! நீயெல்லாம் ஒரு டீச்சரா?" சாம் அந்த மாதம் முழுக்க என்னோடு பேசவே இல்லை. அவருக்கு நான் சாப்பாடு வைப்பேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். நான் ஒரே ஜெபம்தான் பண்ணினேன். 'ஆண்டவரே, என்னைத் தொட வேண்டாம். அவரைத் தொடுங்கள்.' வேறு வார்த்தை வரவில்லை.

அதன்பிறகு பாஸ்டர் கூப்பிட்டபோதெல்லாம் நான் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து வண்டியை எடுத்த சாம், ஸ்டார்ட் பண்ணாமல் அப்படியே நின்றார். "நீ எந்திரிக்கலன்னதும் எல்லாரும் திரும்பி உன்னையே பாத்தாங்க ஷீபா. என்னை ஒருத்தர்கூட பாக்கல. எனக்கு அசிங்கமா போச்சு. நாளைக்கு லீவு போடறேன், டெஸ்ட் எடுத்துடலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

டி.என்.ஏ. சேதம் மிக அதிகம் என்று முடிவு வந்தது. விதைப்பைக்கு மேலே ரத்தக்குழாய் வீங்கி, அங்கே சூடு தேங்கி நின்றது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர் மேடம். போதாக்குறைக்கு அந்த அடுப்புப் பக்கத்து வேலை வேறு. சின்ன ஆபரேஷன் நடந்தது. சாம் கேட்டு வாங்கி ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாறினார். "புது விந்தணு வளர்ந்து வர ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். உத்தரவாதம் தர முடியாது, காத்திருந்து பாப்போம்" என்றார் மேடம். காத்திருந்தோம். அடுத்து வந்த டெஸ்ட்டில் சேதம் குறைந்திருந்தது. நான்காவது கரு தங்கியது. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை.

குழந்தை பிறந்ததற்கு நன்றி சொல்ல வைத்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் மாமியார் மைக்கைப் பிடித்தார். "என் மருமக கர்ப்பத்தைக் கர்த்தர் தொறந்தாரு!" என்றார். சபை கை தட்டியது. என் கர்ப்பம் என்றைக்குமே அடைத்திருக்கவில்லை. கர்த்தர் திறந்தது என் கணவருடைய மனசை. அதைச் சொல்ல சாம் அன்று எழுந்திருக்கவில்லை. அந்தக் கசப்பு இன்னும் எனக்குள் இருக்கிறது. பிள்ளையைக் கொடுத்தவரிடம் அதையும் கொடுத்துவிடத்தான் பார்க்கிறேன்.

ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. பாஸ்டர் வழக்கம்போல் சகோதரிகளை முன்னால் கூப்பிட்டார். சேலையூரிலிருந்து சபைக்குப் புதிதாக வருகிற ஒரு பெண் தயங்கித் தயங்கித் தனியாக எழுந்தாள். ஆண்கள் பக்கத்தில் சாம் எங்கள் குழந்தையைத் தோளில் போட்டபடி எழுந்தார். அந்தப் பெண்ணின் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகப் போனார். சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "எந்திரி தம்பி. குறை என்கிட்டதான் இருந்துச்சு. நானும் உன்னை மாதிரிதான் குனிஞ்சு உக்காந்திருந்தேன். வா, கூட வரேன்."

இரண்டு ஆண்கள் முன்னால் வந்து நின்றார்கள். பாஸ்டரம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு அந்தப் பையனின் தலைமேல் வைத்தார்.

கண்ணீரோடு காத்திருக்கிற சகோதரிகளே, ஜெபியுங்கள். அவர் கேட்கிறார், என் ஜெபத்தையும் கேட்டார். அவரை நம்பி முன்னால் போங்கள். ஆனால் இனிமேல் தனியாக எழுந்து போகாதீர்கள்.