அந்த வயலில் கேட்ட சொல்

எனக்குப் பயந்த சுபாவம். அதை மறைக்கத்தான் கோபப்படுவேன். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சர்வேயர் வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் குடும்பத்தோடு குடியேறிய சமயம், நகரத்தின் குடிநீருக்காக மேற்கே ஓர் ஆற்றின் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் போகப்போகும் நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது என் வேலை. வீடு, மரம், கிணறு, கல்லறை எல்லாம் அதில் வர வேண்டும். அதிலும் கிணறு முக்கியம். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிணற்றையும் கல்லும் மண்ணும் போட்டுத் தூர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் முழங்கால் தண்ணீர் பரவும்போது எது தரை, எது கிணறு என்று யாருக்கும் தெரியாது. காலை வைத்தவன் போனவன்தான்.

என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்க ஓர் அண்ணன் இருந்தார். செகந்திராபாத்திலேயே பிறந்தவர், ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம், மூன்று பெண் பிள்ளைகள். அவர்கள் சந்தில் பதினோரு வீட்டுக்கு ஒரே குழாய், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். "டேம் ரொம்பினதும் மொதல் கொடம் என் வூட்டுக்குத்தான். ஹவ் சார், எழுதிக்குங்க" என்பார். 'ஹவ்' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'ஆமாம்'. எனக்குத் தேவையான தெலுங்கை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இல்லு என்றால் வீடு, செட்டு என்றால் மரம், பாயி என்றால் கிணறு. அந்த மூன்று வார்த்தையிலேயே என் பிழைப்பு ஓடிவிடும் என்று கேலி செய்வார்.

நாங்கள் போனபோது ஊர் காலியாகிவிட்டிருந்தது. கதவு, நிலை, ஓடு என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர்கள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுச் சுவரில் ஏதோ பிள்ளையின் உயரத்தைக் கரியால் வருஷா வருஷம் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கடைசிக் கோடு என் இடுப்பளவுக்கு இருந்தது. ஒரே ஒரு நாய் மிச்சம். அது எங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை, நாங்கள் போகிற இடமெல்லாம் கொஞ்சம் தள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வீடுகளை அண்ணனிடம் விட்டுவிட்டு, நிலங்களை நான் தனியாகப் பார்க்கப் போனேன். ஊருக்குக் கிழக்கே ஒரு வயல். புல்லும் கொடியும் இடுப்புக்கு மேல் மண்டிக் கிடந்தன. ஆளே இல்லாத ஊர் என்று நினைத்து நான் உள்ளே இறங்கியதும், எதிர் வரப்பில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. என்னை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினாள்.

"பாவி! பாவி!"

'அடப்பாவி' என்பது எங்கள் ஊரில் கொஞ்சலுக்கும் வரும், திட்டுக்கும் வரும். இது இரண்டும் இல்லை. எங்கள் வேதக்கோயிலில் போதகர் மனந்திரும்பச் சொல்லும்போது வருகிற சொல் அது. ஊரையே தண்ணீரில் அமிழ்த்த அளவெடுக்க வந்தவனை வேறு என்னவென்று கூப்பிடுவாள்? ஆனால் தெலுங்குக்காரிக்குத் தமிழ் எப்படித் தெரிந்தது? அதை யோசித்தபோதுதான் பயம் இன்னும் கூடியது. திரும்பி நடந்துவிட்டேன்.

மறுநாளும் போனேன். வெயிலில் அதே இடத்தில் அதே கை, அதே சொல். மூன்றாம் நாள் வரப்பிலேயே நின்று, வயலுக்குள் கால் வைக்காமல், படிவத்தில் எழுதினேன்: கிணறு – இல்லை.

அண்ணனிடம் சொல்ல வெட்கம். ஒரு பொம்பளையைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பள்ளிக்கூடம் திறந்து, மழையும் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டுப் படுத்திருந்தேன். தெலுங்கு அரிச்சுவடியோடு மகள் வந்து, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னாள்.

"டாடி, பாவி!"

"யாரடி பாவிங்கே?" என்று கையை ஓங்கிவிட்டேன். அவள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். விரித்த பக்கத்தில் ஒரு படம் இருந்தது. கயிறு, வாளி, வட்டமான கைப்பிடிச் சுவர்.

மனைவி ஓடிவந்தாள். "பிள்ளைய ஏன் வையுதீய? பாவின்னா கெணறு. நம்ம பக்கத்து வீட்டுக் குண்டூர் அம்மாவும் அப்படித்தான சொல்லுதாங்க. இங்க உள்ளவங்கதான் பாயிம்பாங்க."

அந்தப் பெண் எங்கிருந்தோ வாழ்க்கைப்பட்டு வந்தவளாக இருக்க வேண்டும். அவளுடைய கை இப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. அது என் மார்பை நோக்கி நீளவில்லை. எனக்கு நாலடி முன்னால், புல்லை நோக்கி நீண்டிருந்தது.

அன்றைக்கு ஆபீஸ் பூட்டியிருந்தது. அணைக்குப் போகிற பஸ்ஸும் காலையில் மட்டும்தான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அந்தச் சொல்லையே வாய்க்குள் உருட்டிக்கொண்டு போனேன். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், கிழக்கு வயல் முழுக்க அசையாத தண்ணீர். அதன் நடுவே அண்ணன் அளவுகோலைத் தோளில் சாய்த்தபடி முழங்காலளவில் நடந்துகொண்டிருந்தார். நீர்மட்டம் குறிக்க முந்தின நாள் காலையிலேயே வந்து அங்கேயே தங்கியிருக்கிறார். என் பட்டியலை நம்பித்தான் இறங்கியிருக்கிறார்.

"அண்ணே, நில்லுங்க" என்று கத்தியிருக்க வேண்டும். "கிணறு" என்றாவது கத்தியிருக்க வேண்டும். அவள் நின்ற அதே வரப்பில் நின்று, அவளைப் போலவே கையை நீட்டி நான் கத்தியது வேறு.

"பாவி! பாவி!"

அவருக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நாங்கள் இருவரும் எப்போதும் தமிழில்தான் பேசிக்கொள்வோம். திரும்பினார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நானா சார்?"

கேட்டுக்கொண்டே பக்கவாட்டில் ஓரடி வைத்தார். சத்தமே இல்லை. அளவுகோல் மட்டும் மிதந்தது. நான் இறங்கவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது, பயம் வேறு. மத்தியானம் பக்கத்து ஊர் ஆட்கள் வந்து அவரை எடுத்தார்கள்.

கால் வழுக்கியதாக எழுதினார்கள். அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

அணைத் தண்ணீர் அவர்கள் சந்துக்கு வந்த அன்று அவர் மனைவி ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. மூத்த பெண் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"மொதல் கொடத்துத் தண்ணி சார்" என்றார் அந்த அம்மா. "நீங்கதானே கூட இருந்தீங்க. கடைசியா என்னா சொன்னாரு?"

'நானா சார்?' என்று அவர் கேட்டது இன்னும் அப்படியே என் காதில் இருந்தது. அதற்குப் பதில் ஒன்றுதான்: இல்லை அண்ணே, நீங்கள் இல்லை, நான்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். சொம்பை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு எழுந்தேன்.