பத்துக்கு இரண்டு

கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஓர் எண் விட்டு விட்டு மின்னியது. இரண்டு. பத்துக்கு இரண்டு. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பள்ளியின் சூப்பர்வைசர் மேடம். அவருக்குப் பின்னால் டிரஸ்டிகளும் பெற்றோர்களும் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். அவருடைய கழுத்து மெல்லச் சிவப்பதை நான் பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அந்த நிமிடத்தின் ருசி எனக்கு இன்னும் குறையவில்லை.

எண்பதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில் தமிழர்கள் நடத்திய அந்தப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு தாராவியில். வாப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் பட்டறை வைத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டாஃப் ரூமில் உம்மா கட்டிக்கொடுத்த கேப்பைக் களியையும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பையும் திறந்தேன். மேடம் எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாடை வரும் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், ஆசிரியரானாலும் மாணவரானாலும், பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் போய்ச் சாப்பிட வேண்டுமாம்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? உங்களைத் தனியா ஒண்ணும் சொல்லலையே" என்றார் மேடம், சிரித்துக்கொண்டே.

குழாயடியில் நானும் தாராவிப் பிள்ளைகள் பத்துப் பேரும் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர்களில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாளிலிருந்து டப்பாவே கொண்டுவரவில்லை. கையில் காசு இருந்தால் கேன்டீனில் வடை, இல்லையென்றால் பட்டினி. அந்தக் கேன்டீனை நடத்தியது மேடத்தின் தம்பி. ஒரு நாள் காலைப் பிரார்த்தனையின்போது அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து மடியில் கிடத்தி, "என்னட்டி சாப்பிட்ட?" என்று கேட்டேன்.

"நேத்தா, இன்னைக்கா டீச்சர்?" என்றாள்.

அவமானத்தை நான் விழுங்கியிருப்பேன். இந்தக் கேள்வியை விழுங்க முடியவில்லை.

அந்த வருடம்தான் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கீபோர்டு, ஒரு டிவிப் பெட்டி, ஒரு டேப் ரெக்கார்டர். புரோகிராமைக் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும், அது கீச்சிட்டு முடிக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கணக்கு டீச்சர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. லைப்ரரியிலிருந்து உணவுச் சத்துப் பட்டியல் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அதன் கணக்கைப் பத்துக்கு மாற்றி, ஒரு புரோகிராம் எழுதினேன். அன்று சாப்பிட்டதையெல்லாம் தட்டினால் மெஷின் சராசரி மதிப்பெண் போடும்.

நாங்கள் தொண்டை வறளச் சொல்லியும் கேட்காத பிள்ளைகள், மெஷின் சொன்னதும் கேட்டார்கள். மூன்று வாங்கியவர்கள் மறுநாள் வடையை விட்டுவிட்டு வாழைப்பழத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஊறவைத்த கடலை வந்தது, கீரை வந்தது. கேன்டீன் வரிசை குட்டையானது. மயங்கி விழுந்த பெண்ணும் வந்து, கேப்பை, நெத்திலி, முருங்கைக்கீரை என்று வீட்டில் முந்தின நாள் சாப்பிட்டதைத் தட்டினாள். ஒன்பது வந்தது.

"மெஷினு தப்பாச் சொல்லுதா டீச்சர்?"

"இல்லட்டி, சரியாத்தான் சொல்லுது."

அது சத்தியம். கேப்பைக்கும் நெத்திலிக்கும் புத்தகத்தில் உள்ளதைத்தான் போட்டேன். ஆனால் கேன்டீன் வடைக்குக் கணக்குப்படி நாலு வர வேண்டும். நான் ஒன்று என்று போட்டிருந்தேன்.

ஆண்டுக் கண்காட்சி அன்று, கூட்டம் நிறைந்த நேரம் பார்த்து, "மேடம், நீங்களும் ஒருவாட்டி போட்டுப் பாருங்களேன்" என்றேன். உட்கார்ந்தார். அன்று சாப்பிட்டது தம்பி கேன்டீன் வடை, கிரீம் பிஸ்கட், சர்க்கரை தூக்கலான காபி. மூன்றையும் ஒளிக்காமல் தட்டினார். அவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதை நம்பித்தான் அவரை அழைத்தேன். சரியான எண் போட்டிருந்தால் அவருக்கு மூன்று வந்திருக்கும். எனக்கு மூன்று போதவில்லை.

"மேடம் ஃபெயில்!" என்று ஒரு குழந்தை கத்தியது. டிரஸ்டிகளே சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்தப் புத்தகமும் என் புரோகிராம் எழுதிய நோட்டும் விரிந்து கிடந்தன. அவரும் கணக்குப் படித்தவர், ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்திருந்தார்.

"வடைக்கு நாலு வரணும். ஒண்ணுன்னு போட்டிருக்கேள். கை தவறிடுத்தா?"

"இல்ல மேடம். வேணும்னுதான் போட்டேன்."

"டிரஸ்டிகிட்டச் சொன்னா உங்க வேலை போயிடும், தெரியுமோ?"

"சொல்லுங்க மேடம். குழாயடி நோட்டீஸப் பத்தியும், அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தது பத்தியும் நானும் சொல்லுதேன்."

அவர் புத்தகத்தை மூடினார். அன்று மத்தியானம் அவரே வந்து நோட்டீஸைக் கிழித்தார். மறுநாள் அந்தப் பெண் வகுப்பின் நடு பெஞ்சில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நிதானமாகச் சாப்பிட்டாள்.

நோட்டீஸ் போன பிறகாவது அந்த எண்ணை நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வருடக் கடைசியில் தம்பி கேன்டீனைக் காலி செய்துகொண்டு காட்கோபருக்குப் போனார். அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை, மேடம் என்னோடு பேசவில்லை. வராந்தாவில் எதிரே வரும்போதெல்லாம் நான்தான் உரக்க, "குட் மார்னிங் மேடம்" சொல்வேன். ஒரு நாளும் விட்டதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளியில் கூட வேலைபார்த்த டீச்சர் ஒருத்தி போன் செய்தாள். மேடம் செம்பூரில் காலமாகிவிட்டாராம். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே. ஒருவாட்டி வந்து முகத்தைப் பார்த்துட்டுப் போ" என்றாள். இங்கிருந்து செம்பூர் ஒரு ஆட்டோ தூரம்தான்.

போனை வைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்து, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தேன்.