பிரித்துப் பார்க்காத கயிறு

என் வீட்டுக்காரர் மரம் ஏறுகிறவர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில் அப்போது தென்னந்தோப்புகள் நிறைய. காலுக்குத் தளை, மரத்தையும் இடுப்பையும் சேர்த்துச் சுற்ற ஒரு கயிறு, ஒரு கத்தி. தொழிலுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த இடுப்புக் கயிற்றை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. தேங்காய் நார்க் கயிறு மேலுக்கு நன்றாக இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும் என்பார். விடிந்ததும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முறுக்குக்கு எதிராகத் திருகி, புரிகளை விலக்கி உள்ளே பார்ப்பார். மூக்கருகே வைத்து முகர்வார். பொடி உதிர்ந்தால் அன்றோடு அது துணி காயப்போடும் கொடி. எங்கள் வீட்டில் கொடிகள் அதிகம். காயப்போடத்தான் துணி இல்லை.

அவருடைய அண்ணன் ராயபுரத்தில் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவர் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். நான் எங்கள் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் முன்னால் வந்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

“இந்தாடா. மணிலாக் கயிறு. கப்பல்ல சரக்கு கட்னது. இனிமே அந்த நார வெச்சிகினு பேஜாரு படாத.”

“தாங்குமா அண்ணாத்தே?”

“இன்னாடா கேக்குற? அவ்ளோ அலையில சரக்கையே புட்ச்சிகினு வந்துகீது. நீ இன்னா அதவிட கனமா?”

“உன் தம்பி பொண்டாட்டி போட்ற சோறு அப்டி” என்றார் இவர்.

இருவரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நானும்.

அண்ணன் போனதும் இவர் கயிற்றை முகர்ந்தார். “இன்னாமோ புளிச்ச வாடை அடிக்குதுமே” என்றார்.

“பிரிச்சுத்தான் பாரேன்.”

“நார்க் கயிறா இது? ஒருதரம் பிரிச்சா பழையபடி படியாது. அண்ணன் வந்து பாத்தா மனசு ஒட்ஞ்சிடும். அவுரு போட்ட சோத்துல கல்லு கீதான்னு நான் என்னிக்காவது பாத்துகீறேனா?”

சுருளை ஆணியில் மாட்டிவிட்டு வேறு பேச்சுப் பேசினார்.

மறுநாள் காலை அதைத்தான் எடுத்துப் போனார். கூடப் போனவர் பிறகு சொன்னார்: அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி, பின்னால் சாய்ந்து உலுக்கிப் பார்த்தாராம். தாங்கியதாம். உச்சியில் குலையை வெட்ட எட்டிச் சாய்ந்தபோது அறுந்துவிட்டது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் கழிந்த மறுநாள் அண்ணன் வந்து, தம்பி உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தார். அறுந்த முனையைத் திருகினார். மேலே பழுதில்லாத கயிறு. உள்ளேயிருந்து பழுப்புப் பொடி அவர் மடியில் கொட்டியது.

“திராவக ஜாடி கட்ன கயிறாம்மா. சிந்துனது உள்ளாற எறங்கி நார அரிச்சிடுச்சாம். இப்பத்தான் ஒருத்தன் சொல்றான். எனக்குத் தெரியாது.”

பொடியை விரலால் தொட்டுப் பார்த்து, “அவன் பிரிச்சுப் பாக்கலியா?” என்றார். கதவோரம் நின்ற நான் இல்லையென்று தலையசைத்தேன்.

“நான் குட்த்ததுன்னு வுட்டுட்டானா?”

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பொடியை உள்ளங்கையில் கூட்டி எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு எது கொண்டுவந்தாலும் சும்மா கொடுப்பதில்லை. மீன் என்றால் செவுளைத் தூக்கிக் காட்டுவார். அரிசியை முறத்தில் கொட்டிக் கிளறுவார். என் பெண்ணுக்கு வாங்கிய பாவாடைத் துணியை வெயிலில் விரித்துப் பிடிப்பார்.

“பாத்துக்கோம்மா. நல்லாத்தான் கீது.”

இப்போது நான் கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, எல்லாவற்றையும் பார்க்கிறேன். நான் பார்க்கும்வரை அவர் கை இறங்குவதில்லை.