லிஃப்டின் கத்தல் கேட்ட பாட்டு

ஓடிப்போகிறவள் மாற்றுத் துணிகூட எடுக்காமல், வீட்டுச் செருப்போடு, பட்டப்பகலிலா போவாள்? மாடி வீட்டு மருமகளைக் கிளப்பிவிட்டுத் தானும் எவனோடோ போய்விட்டாளாம். நரம்பில்லாத நாக்கு என்றால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாமா?

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. எப்போதும் போனும் கையுமாக இருந்தாள், உண்மைதான். ஆனால் எவனோடும் பேசவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவர்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருந்தாள்: யாரும் சீந்தாத ஒரு புத்தகம், எந்தத் தெருவில் மழை எப்போது விடும் என்று சொல்லும் இணையதளம், கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே பாடிப் போடுகிறவர்களின் பாட்டு. கிடைத்ததை வாரம் ஒருமுறை தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி அனுப்புவாள். இன்று வாய் கிழியப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அதை ஆசையாகப் படித்தவர்கள்தான். நாத்தனார் மட்டும் அன்றைக்கே குத்தினாள்: "ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்குறா. என் தம்பியோட சாவியை மட்டும் தேட மாட்டா."

ஒரு பாட்டு அவளைப் பிடித்து ஆட்டியது. பாடியவளுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. வாத்தியத்தைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் தரும் இணையக் கருவி ஒன்று அந்த வாரம்தான் அகப்பட்டிருந்தது. அதில் போட்டுக் கேட்டாள். குரலுக்கு அடியில் கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம். அவர்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போது போடும் அதே கத்தல். சந்தோஷம் தாளாமல் எழுதிவிட்டாள், பாடுகிறவள் நம் கட்டடத்துக்காரி, மூன்றாம் மாடி என்று.

அப்புறம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாம் மாடி மருமகள். அந்த வீட்டில் பாட்டென்றாலே ஆகாது. கல்யாணத்தோடு விட்டுவிட்டாள் என்று நம்பியிருந்தார்கள். போனைப் பிடுங்கினார்கள், பாட்டை அழிக்க வைத்தார்கள். படியில் பார்த்தபோது அந்தப் பெண் திட்டக்கூட இல்லை.

"நீங்க ஒருத்தர்தான் நல்லா கேட்டீங்கக்கா. கொஞ்சம் கம்மியா கேட்டிருக்கலாம்."

அதன்பிறகு வாரக் கடிதம் நின்றது. மன்னிப்புக் கேட்கப் போனவளை அந்தப் பெண்ணின் மாமியார்க்காரி வாசலோடு அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் மேலே லிஃப்ட் கத்தியது. கொஞ்ச நேரத்தில் கீழே இவள் வீட்டு வாசலில் அந்தப் பெண், தோளில் ஒரு பை. அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தனியாகப் போனால் வழியிலேயே மறித்து இழுத்து வந்துவிடுவார்கள், கூட ஒருத்தர் வேண்டும். மாமியாரின் கூப்பாடு அதற்குள் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

இவள் கணவன் சாப்பிட்ட தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடுத்தவங்க வீட்டு வம்பு நமக்கெதுக்கு? இப்ப வாசலைத் தாண்டினா அப்படியே போயிடு."

"கெடுத்தது நான். கொண்டுபோய் விடுறதும் நான்தான்."

பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பை மாற்றக்கூட நிற்காமல், அந்தப் பெண்ணுக்கு முன்னால் நடந்து தெருவில் இறங்கினாள்.